மறுபடியும் லாப்விங் வாங்குவீர்களா?

மனித குலம் இதுவரை ஒருமனதாக ஒப்புக்கொண்ட விஷயங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, சூரியன் கிழக்கே உதிக்கிறது. இரண்டு, 'பெண்டில் லாப்விங்' என்ற கார் வாங்கியவர்கள் மறுபடியும் அதையேதான் வாங்குவார்கள். முதலாவதைப் பற்றி இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. அவர்கள் சூரியனை அடிக்கடி பார்ப்பதில்லை. இரண்டாவதில் சந்தேகத்துக்கு இடமே கிடையாது. அதற்குப் புள்ளிவிவரம் இருக்கிறது.

லாப்விங் என்றால் ஆள்காட்டிக் குருவி. இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரை மடங்கக்கூடிய, தரையோடு தரையாகப் பறக்கக்கூடிய அந்தப் பந்தயக் காருக்கு இந்தப் பறவையின் பெயரை வைத்தவர் தீர்க்கதரிசி. அது வருவது அரை மைலுக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். வராமல் நின்றுவிட்டாலும் தெரிந்துவிடும். அதைச் செய்த தொழிற்சாலையை 1974இல் மூடிவிட்டார்கள். காரணம் பொறாமை என்பது உரிமையாளர்களின் கருத்து.

காரின் சிறப்பம்சங்களைச் சொல்லி மாளாது. மழை பெய்தால் கூரை ஓட்டுநரின் இடது முழங்காலில் மட்டும் சொட்டும். வலது முழங்காலில் சொட்டினால் வண்டி போலி என்று அறிக. வெப்பமூட்டும் கருவி ஜூலை மாதத்தில் மிக நன்றாக வேலை செய்யும். திரும்புவதற்கான விளக்கைப் போட்டால் முகப்பு விளக்கு அணைந்துவிடும்; எதிரே வருகிறவரின் கண் கூசக் கூடாது என்கிற மரியாதைதான். வலது பக்கம் வேகமாகத் திரும்பினால் இடது கதவு தானாகத் திறந்து பக்கத்தில் இருப்பவருக்கு வழிவிடும். ஒவ்வொரு உரிமையாளரும் வண்டியில் ஒரு ஃபிளாஸ்க் தேநீரும் பன்னிரண்டு அடிக் கயிறும் வைத்திருப்பார். தேநீர் காத்திருப்பதற்கு. கயிறு வீடு திரும்புவதற்கு.

இப்பேர்ப்பட்ட காருக்கு ஒரு கழகம் இல்லாமல் இருக்குமா? பெண்டில் லாப்விங் உரிமையாளர் கழகம் 1981இல் தொடங்கப்பட்டது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் உறுப்பினர்களுக்குப் பதினான்கு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று போகும். பதினான்காம் கேள்வி: 'மறுபடியும் லாப்விங் வாங்குவீர்களா?' நாற்பத்தொரு ஆண்டுகளாக இதற்கு வந்த பதில், நூற்றுக்கு நூறு 'ஆம்'. கார்ப் பத்திரிகைகள் இந்த எண்ணைப் பெட்டி கட்டிப் போட்டன. பழைய லாப்விங்கை விற்கிறவர்கள் விளம்பரத்தின் முதல் வரியிலேயே போட்டார்கள். கட்டிய மனைவியைப் பற்றிக்கூட இப்படி ஒரு விகிதம் இந்த மாவட்டத்தில் கிடைக்காது.

இந்த நாற்பத்தொரு ஆண்டும் படிவங்களைத் தொகுத்தவர் மிஸ் பெரில் டன்ஸ்டன். ஓய்வுபெற்ற தபால் நிலைய அதிகாரி. கார் எதுவும் வைத்துக்கொள்ளாமல் சைக்கிளிலேயே போய்வந்து, தொண்ணூற்றிரண்டாவது வயதில் நிம்மதியாகக் கண்ணை மூடினார். அவருடைய பொறுப்பு லயனல் ஹாட்லியிடம் வந்தது.

ஹாட்லியைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். முப்பத்தொரு வருஷம் மாவட்டத்தின் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். ஏழு கிராம் குறைந்ததற்காக ஓர் இறைச்சிக் கடைக்குப் பூட்டுப் போட்டவர். பியர் கோப்பையில் ஒரு விரற்கடை நுரையை ஏற்றிக் கொடுத்த சொந்தச் சித்தப்பாவுக்கே அபராதம் விதித்து, அதன்பின் குடும்பக் கல்யாணங்களுக்கு அழைப்பு வராமல் போனவர். லாப்விங்கும் வைத்திருந்தார், இருபத்திரண்டு வருஷமாக.

ஏப்ரல் மாதம் ஒரு காலையில் நூற்று எண்பத்தேழு படிவங்களையும் சாப்பாட்டு மேசையில் அடுக்கி, பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார் ஹாட்லி. முதல் படிவம் ஓய்வுபெற்ற பாதிரியார் ஒருவருடையது. பதினான்காம் கேள்விக்கு எதிரே சிறிய, அடக்கமான எழுத்தில் இப்படி இருந்தது: 'இல்லை. தயவுசெய்து இதை அச்சிட வேண்டாம். மற்ற எல்லாரும் இவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும்போது நான் ஒருவன் கெடுக்க விரும்பவில்லை. மன்னிக்கவும்.'

பாவம், என்று நினைத்துக்கொண்டார் ஹாட்லி. இரண்டாவதை எடுத்தார். 'இல்லை. குறை என்னிடம்தான் இருக்க வேண்டும். அச்சிட வேண்டாம்.' மூன்றாவது: 'இல்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.' முப்பதாவது வந்தபோது எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். நூறாவது வந்தபோது அது ஆறிப்போயிருந்தது. கடைசிப் படிவம் அவருடையதே. அதில் என்ன எழுதியிருந்தது என்று பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. இருபத்தோரு வருஷமாக அதையேதான் எழுதி வந்தார், உலகத்தில் தான் ஒருவன்தான் பாவி என்று நினைத்து.

மிஸ் டன்ஸ்டன் விட்டுப்போன தகரப் பெட்டியைத் திறந்தார். பதினெட்டு ஒயிட்னர் பாட்டில்கள் இருந்தன. மூடியில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது: 'பின்னால் வருபவருக்கு. "இல்லை" என்று எழுதுகிறவர் தான் ஒருவர் மட்டுமே என்று நினைத்துக் கூசுகிறார். அவரைக் காட்டிக்கொடுக்காதீர்கள்.' அந்த அம்மையார் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நாற்பத்தொரு வருஷம், ஒருத்தர் பாக்கியில்லாமல், எல்லாருடைய மானத்தையும் வெள்ளை பூசி, மேலே 'ஆம்' எழுதிக் காப்பாற்றியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் மகள் ரோவெனா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

"அப்பா! அம்மா! உக்காருங்க. நான் லாப்விங் வாங்கப் போறேன்!"

ரோவெனாவுக்கு முப்பது வயது. அவள் வேலை பார்த்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். கையில் ஒரு தொகை கொடுத்து அனுப்பினார்கள். அவள் முடங்கிப்போகவில்லை. ஒரு வருஷம் படித்து, பியானோவுக்குச் சுருதி சேர்க்கக் கற்றுக்கொண்டு, கிராமம் கிராமமாகப் போய்த் தொழில் செய்வதாக முடிவெடுத்திருந்தாள். அதற்கு ஒரு வண்டி வேண்டும். சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேருகிற வண்டி. அந்தத் தொகை முழுவதையும் அதில்தான் போடப் போகிறாள்.

"வெதர்பி அங்கிள் தன் வண்டியைக் குடுக்கறாராம்பா. நான் கேட்டதும் அவர் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு!"

கிளைவ் வெதர்பி கழகத்தின் தலைவர். அவருடைய படிவம் மேசையில் மேலாகவே கிடந்தது. 'இல்லை, இல்லை, ஆயிரம் தடவை இல்லை. அச்சிட வேண்டாம்.' ஹாட்லி அதன்மேல் தேநீர்த் தட்டை நகர்த்தி வைத்தார்.

"இல்லம்மா ரோவி, வந்து… மழை பேஞ்சா அந்தக் கூரை கொஞ்சம்…"

"இடது முழங்கால்! எனக்குத் தெரியாதா? எட்டு வயசுல நான்தானே பக்கத்துல உக்காந்து கப்பு புடிச்சிருக்கேன்!"

"அது நடுவழியில நின்னுடும்மா."

"நிக்கட்டுமே! நின்னப்பெல்லாம் நீங்க இறங்கி நின்னு பாடுவீங்க. மழையா இருந்தாலும் பாடுவீங்க. என் வாழ்க்கையில நான் பார்த்த ரொம்ப சந்தோஷமான மனுஷன் நீங்கதாம்பா. அதுக்காகத்தான் நான் அதையே வாங்கறேன்."

குழந்தை பயப்படக் கூடாதே என்றுதான் அவர் அன்று பாடினார். பாடாவிட்டால் அழுதிருப்பார் என்பதும் ஒரு காரணம். இதையெல்லாம் இப்போது எப்படிச் சொல்வது?

"நேராவே கேக்கறேன்பா. நீங்க மறுபடியும் வாங்குவீங்களா, மாட்டீங்களா?"

ஏழு கிராமுக்குக் கடையைப் பூட்டிய மனிதர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தோட்டத்தில் ஒரு புறா நடந்துகொண்டிருந்தது.

"உங்கம்மாகிட்ட டீ இருக்கான்னு கேளு" என்றார்.

"என்னை இதுல இழுக்காதே" என்றாள் மாவிஸ் ஹாட்லி அடுப்படியிலிருந்து. "நான் ரெண்டாயிரத்து மூணுலயே அந்த வண்டியிலேர்ந்து இறங்கிட்டேன். அது ஓடிக்கிட்டு இருந்தப்பவே. வலதுபக்கம் திரும்பினான் உங்கப்பன்."

ரோவெனா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அப்பாவின் தலையில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். மாவிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லித் தொலையேன் லயனல். உன் வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"பொதுக்கூட்டத்துல அறிவிச்சிடறேன். கணக்கோட, ஆவணத்தோட. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"பெத்த பொண்ணுகிட்ட சமையலறையில ஒரு 'வேண்டாம்' சொல்ல முறை என்ன வேண்டியிருக்கு?"

"அவ அன்னைக்குத்தான் செக்கைக் குடுக்கறா. அதுக்கு முன்னாடி அச்சடிச்ச மாதிரி உண்மை வெளில வந்துடும். நான் அவ மனசை நோகடிச்ச மாதிரியும் இருக்காது."

"ம்" என்றாள் மாவிஸ். அந்த ஊரில் இதைவிடக் கடுமையான வசவு கிடையாது.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், லட்லோ நகரில் ஒரு பியர்க் கடையின் மாடியில், கழகத்தின் பொதுக்கூட்டம் மாண்புடன் கூடியது. அறுபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். நாற்பது பேர் தாங்களாக வந்தார்கள். மற்றவர்கள் கயிற்றில் வந்தார்கள். உறுப்பினர் அல்லாதவருக்கு மாடியில் அனுமதி இல்லை என்பதால் ரோவெனா கீழே எலுமிச்சைப் பானத்தோடும் எழுதிய காசோலையோடும் காத்திருந்தாள்.

தலைவர் வெதர்பி ஓய்வுபெற்ற பல் மருத்துவர். "வலிக்காது" என்று முப்பத்தைந்து வருஷம் சொல்லிச் சொல்லி, நற்செய்தி ஆனாலும் துர்ச்செய்தி ஆனாலும் அதே குரலில் பேசப் பழகியவர். சென்ற ஆண்டின் நிகழ்ச்சிக் குறிப்பு ஏற்கப்பட்டது. சிறந்த கயிற்று முடிச்சுக்கான கேடயம் வழங்கப்பட்டது. பிறகு ஹாட்லி எழுந்தார். அந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது.

"கேள்வி பதினாலு. 'ஆம்': பூஜ்யம். 'இல்லை': நூத்தி எண்பத்தேழு."

யாரோ தேநீர்க் கோப்பையில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தார். கலக்குவது நின்றது.

"நூத்தி எண்பத்தேழா?" என்றார் ஓய்வுபெற்ற பாதிரியார். பக்கத்தில் இருந்த பருத்த விவசாயியைத் திரும்பிப் பார்த்தார். "அப்படின்னா… நீங்களுமா, மிஸ்டர் போவல்?"

"தொண்ணூத்தி நாலுலேர்ந்து, ஐயா."

"நானும்தான்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது!" "எனக்குத் தெரியும்டா மடையா, நானும் அதையேதான் எழுதினேன்!" என்றது அதற்குப் பக்கத்துக் குரல். ஒரு முன்னாள் ராணுவ அதிகாரி கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். தோளைத் தட்டிக்கொண்டார்கள். கையைக் குலுக்கிக்கொண்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் முழங்காலைக் காட்டிக்கொண்டார்கள். இப்படி இரண்டு நிமிடம் அந்த மாடியில் உண்மை பேசப்பட்டது. நிகழ்ச்சிக் குறிப்பில் அது இல்லை. அதனால் இங்கே பதிவு செய்கிறேன்.

இரண்டு நிமிடம் முடிந்ததும், முன்வரிசையில் மிஸஸ் கிரேன் என்ற அம்மாள் கையைத் தூக்கினாள்.

"என் வண்டியோட விளம்பரம் வெள்ளிக்கிழமை பேப்பர்ல வருது."

கைகுலுக்கல்கள் தளர்ந்தன.

"என்னுதும்" என்றார் மிஸ்டர் போவல், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து.

தலைவர் தொண்டையைச் செருமினார். அவர் பதறவில்லை. வாயைத் திறந்தபடி கதறுகிறவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவர்.

"மிஸ்டர் ஹாட்லியோட உழைப்புக்கு நன்றி. ஒரு சின்ன நடைமுறைச் சந்தேகம். 'அச்சிட வேண்டாம்'னு எழுத்து மூலமா கேட்டிருக்கறவங்க எத்தனை பேர்?"

"நூத்தி எண்பத்தேழு."

"கேக்காதவங்க?"

"யாருமில்லை."

"உறுப்பினர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கேட்டுக்கிட்டதை மீறுறதுக்கு ஒரு தொகுப்பாளருக்கு அதிகாரம் இருக்கா?"

"விதிப்படி… இல்லை."

"அந்த நூத்தி எண்பத்தேழுல உங்களோடதும் இருக்கா, லயனல்?"

ஹாட்லி தன் படிவத்தைப் பார்த்தார். தன் கையெழுத்தேதான்.

"இருக்கு."

"ரொம்ப சரி. அப்போ பதினாலாம் கேள்வியில உறுப்பினர்கள் ஒருமனதா இருக்காங்கன்னு குறிச்சுக்கலாமா? அதுல பொய் ஏதாவது இருக்கா? நீங்க எடை போடறவர். நீங்களே சொல்லுங்க."

ஹாட்லி எடை போட்டுப் பார்த்தார். அந்த வாக்கியத்தில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் இவ்வளவு சரியான எடையில் இவ்வளவு பெரிய மோசடியை அவர் பார்த்ததில்லை. ஆனால் தராசுக்கு மனசாட்சி கிடையாது, முள் மட்டும்தான் உண்டு.

"பொய் இல்லை" என்றார்.

குறிப்பு எழுதப்பட்டது: 'பதினான்காம் கேள்வியில் உறுப்பினர்கள் வழக்கம்போல் ஒருமனதாக இருந்தனர். நூற்றுக்கு நூறு.' அறுபத்து மூன்று கைகள் உயர்ந்தன. அதில் ஒரு கை கொஞ்சம் தாமதமாக உயர்ந்தது.

"பாத்தீங்களா?" என்றார் தலைவர் அன்பாக. "வலிக்கலை."

மாடியிலிருந்து கீழே இறங்கப் பதினோரு படிகள். சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று ஹாட்லி ஒவ்வொரு படியிலும் நினைத்தார். முறையாவது மண்ணாங்கட்டியாவது, 'வாங்காதே'ன்னு ஒரே வார்த்தை போதும். கடைசிப் படியில் ரோவெனா நின்றுகொண்டிருந்தாள், கண்ணெல்லாம் சிரிப்பாக.

"என்னப்பா ரிசல்ட்?"

"ஒருமனதும்மா" என்றார் ஹாட்லி.

அவள் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே வந்த வெதர்பி காசோலையை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். அவர் கண்ணில் மறுபடியும் தண்ணீர் வந்தது. கயிற்றை இலவசமாகவே கொடுத்தார்.

அதற்குப் பிறகு வந்த ஒன்பது மாதத்தில் ஹாட்லி பத்தொன்பது தடவை மகளை அழைத்துவரப் போனார். மாவிஸின் சின்ன ஜப்பானியக் காரில் போனார். அவருடைய லாப்விங்கும் அந்த நாட்களில் பெரும்பாலும் ஓய்விலேயே இருந்தது. ஒரு பள்ளிக்கூடம் விழாவுக்கு முந்தின நாள் பியானோவோடு காத்திருந்து பார்த்துவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டது. மூன்று தேவாலயங்கள் வேன் வைத்திருக்கிற சுருதிக்காரரிடம் போய்விட்டன. ரோவெனா சாயங்காலங்களில் ஒரு பலசரக்குக் கடையில் அலமாரி அடுக்க ஆரம்பித்தாள்.

"வண்டி எப்படி ஓடுது ரோவி?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார்.

"சூப்பர்பா! சும்மா ஒரு சின்ன விஷயம்தான், ஒரு வயர்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள்.

நவம்பரில் ஒரு நாள், கிளன் கிராமத்துப் பக்கத்து மேட்டுச் சாலையில், கொட்டுகிற மழையில், அவளைப் பார்ப்பதற்கு முன்பே அவள் குரல் அவருக்குக் கேட்டது. காரின் முன்பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். அவர் பாடின அதே பாட்டு. அப்பாவின் வண்டி திருப்பத்தில் தெரிந்ததும் குரலை இன்னும் உயர்த்தினாள்.

அந்தப் பாட்டுக்கு அர்த்தம் என்ன என்று உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். ஹாட்லி இறங்கினார். அவளை மழையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, 'மன்னிச்சிடும்மா, அது சனியன் புடிச்ச வண்டி, எனக்கு அன்னைக்கே தெரியும்' என்று சொல்ல வேண்டும் போல் இருந்தது. குனிந்து கயிற்றைக் கட்டினார்.

"முடிச்சு நல்லா விழுந்திருக்குப்பா" என்றாள் ரோவெனா.

"ஆமாம்மா. நல்ல கயிறு."

பிப்ரவரியில் படிவங்கள் போயின. ஏப்ரலில் நூற்று எண்பத்தேழும் திரும்பி வந்தன. வெதர்பியுடையது இல்லை, அவர் இப்போது சொட்டாத கூரையுள்ள கார் ஒன்றில், 'கௌரவத் தலைவர்' என்ற பட்டத்தோடு போய்வருகிறார். அவர் இடத்தில் ஒரு புதிய உரிமையாளர். ஹாட்லி புது ஒயிட்னர் பாட்டில் ஒன்றைக் குலுக்கித் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நூற்று எண்பத்தாறு பேர் வழக்கம்போல் தனித்தனியாக வெட்கப்பட்டிருந்தார்கள். ஒவ்வொருவரின் மானத்தையும் வழக்கம்போல் வெள்ளை பூசிக் காப்பாற்றினார்.

கடைசியாக மகளுடைய படிவம். அதை எடுக்கும்போது அவருக்கு ஓர் ஆசை இருந்தது. அதில் 'இல்லை' என்று இருக்க வேண்டும். 'நாசமாய்ப் போக' என்றிருந்தாலும் சரி. இருந்தால் இந்தத் தகரப் பெட்டியைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, நேரே அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம்.

நல்ல பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். 'ஆம். எத்தனை தடவை வேண்டுமானாலும். தாராளமாக அச்சிடலாம்.'

"என்ன எழுதியிருக்கா?" என்றாள் மாவிஸ், கதவருகே நின்று.

ஹாட்லி படிவத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். மாவிஸ் படித்தாள். 'ம்' என்றுகூடச் சொல்லவில்லை. ஹாட்லி ஒயிட்னர் பாட்டிலை மூடினார்.

கழகத்தின் நாற்பத்து மூன்று ஆண்டு வரலாற்றில், எந்தத் திருத்தமும் தேவைப்படாமல் வந்து சேர்ந்த முதல் படிவம் அது. எல்லாம் வளர்ப்பு.